மணியடித்தால் வருவார்கள்

பக்கத்து வயல்காரர் எமில் ஸ்வோபோடாவின் வீட்டைப் போன வசந்தத்திலேயே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அந்தத் திசையிலிருந்து ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வருவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த ஆர்டித்துக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மதியம் அவள்தான் முற்றத்து மணியை அடித்தாள். சாப்பாட்டு நேரம் தவிர வேறு நேரத்தில் அது விடாமல் அடித்தால் ஆபத்து என்று அர்த்தம். ஒரு காலத்தில் கேட்டவர்களெல்லாம் போட்டது போட்டபடி வருவார்கள். ஆபத்தில் மாட்டியவன் வயலை ஊரே கூடி அறுத்துக் கொடுக்கும். வீட்டுக்காரி வயிறாரச் சமைத்துப் போடுவாள். அறுத்து முடிந்ததும் பதிலுக்கு வீட்டுக்காரன் அடுத்த வயலுக்குக் கூடவே போகவேண்டும், அதுதான் முறை. இப்போது ஏது ஊர்? நிலத்தையெல்லாம் ஒரு விவசாயக் கம்பெனி வளைத்துப்போட்டது. தேவாலயத்துக்குப் பூட்டு. பிள்ளைகள் ஓமஹா நகரத்தில். ரோட்டில் எதிரே வருகிறவன் யாரானாலும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள் இந்தப் பக்கத்தில்; கம்பெனிப் பையன்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

கேட்க நாதியில்லை என்று தெரிந்தேதான் கை ஓயும்வரை அடித்தாள். நாளை பனிப்புயல். நிற்கிற மக்காச்சோளம் சாய்ந்தால் வங்கிக் கடனில் நிலம் கைவிட்டுப் போகும். நிலம் போனால், ஜூலையில் பக்கவாதம் வந்து வலது பக்கம் செத்துப்போன புருஷன் வெர்லினை டவுன் முதியோர் விடுதியில் கொண்டுபோய்த் தள்ளவேண்டும். அங்கே மட்டும் விட்டுவிடாதே என்று அவன் அழுதிருக்கிறான்.

"யாருடி அது?" உள்ளறையிலிருந்து வெர்லின் குழறினான்.

"நம்ம ஆளுங்கதான். அறுக்க வந்திருக்காங்க."

"வர்றதுக்கு எவன் இருக்கான்?"

அவள் உருளைக்கிழங்கை உரித்தாள். வெளிச்சம் இரண்டானது, ஐந்தானது, வயல் முழுக்க அறுப்பு மிஷின்கள் ஊர்ந்தன. அலமாரித் தட்டுகள் மெல்ல அதிர்ந்தன. திறந்திருந்த கதவு வழியாக டீசல் வாசமும் சோளத்தூளின் வாசமும் அவளுக்குப் பழக்கமான அத்தனை இலையுதிர்காலங்களையும் சேர்த்துக்கொண்டு வந்தன. அதற்கு அடியில் இன்னொரு வாசம், புதிதாகத் தோண்டிய ஈர மண்ணின் வாசம். வயலில் எங்கே ஈரம்? மழை பெய்தே மாதமாகிறது.

பின்வாசலில் காலடி கேட்டது. காப்பியோடு போனாள்.

எமில் நின்றிருந்தார். அறுப்புக்கு வந்தவர் தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் இருந்தார். அந்தக் கோட்டை அவள் கடைசியாகச் சவப்பெட்டியில்தான் பார்த்தாள்.

"என்னம்மா ஆர்டித், இன்னும் அதே தண்ணிக் காப்பியா? குவளையோட அடி தெரியுதே."

"எமில்... உங்களைப் புதைச்சோமே."

"ஆமா. அன்னைக்குச் சாப்பாடு நல்லாத்தான் போட்டீங்க." அவர் குவளையை வாங்கிக்கொள்ளவில்லை. "மணி கேட்டுச்சு. கேட்டுட்டு வராம இருக்க முடியுமா? உங்க வயல் முடிஞ்சது. களஞ்சியம் ரொம்பியாச்சு. வெர்லினை வரச்சொல்லு, அடுத்த வயலுக்குப் போகணும்."

அவள் வாசலை மறித்து நின்றாள்.

"அவரால எந்திரிக்கவே முடியாது. உங்களுக்குத் தெரியாதா? நான் வர்றேன் எமில். என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவரை விட்டுருங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா," என்றார் எமில், வருத்தத்தோடுதான்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு நடை. இரண்டு கால் நடை. நொண்டாத நடை. முன்கதவு திறந்து மூடியது.

குவளை கீழே விழுந்தது. ஓடினாள். கட்டில் காலி. போர்வை இன்னும் சூடாக இருந்தது. தலையணைக் குழியில் ஈர மண்.

"வெர்லின்!"

முற்றத்துக்கு ஓடினாள். வயல் மொட்டையாகக் கிடந்தது, ஒரு தாள்கூட மிச்சமில்லை. நிலம் தப்பித்துவிட்டது. இனி யாருக்காக? மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டில் ஏறின. கடைசி மிஷின் வெர்லினுடையது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கத்திக்கொண்டே பக்கத்தில் ஓடினாள். அவன் திரும்பவில்லை.

ஜூலையிலிருந்து அசையாத அந்த வலது கை மட்டும், வழியில் எதிர்ப்பட்ட யாரோ ஒருத்திக்குக் காட்டுவதுபோல, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கியது.