சாமந்திக்குள் போகாத மீன்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அன்று காலை முதலில் வந்தவர் கண்ணாடி வாங்க வரவில்லை. முழங்கை வரை உப்புப் பூத்த கைகளோடு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். வீடு வீடாகப் போய்க் கடல் மீன்தொட்டிகளைப் பராமரிப்பவர் அவர். எல்லோருக்கும் தொட்டிக்காரர்.

"உங்க அண்ணியைப் பார்க்கணும் சார்."

கடைக்காரருக்கு உடனே சுறுசுறுப்பு வந்துவிட்டது. அவருடைய அண்ணி முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்தவர். எரிந்த கிடங்கையும் நொறுங்கிய லாரியையும் பார்த்து, யார் சொல்வது நிஜம், யார் விடுவது கதை என்று பிரித்துச் சொல்லியே பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் சிக்கல்கள் அவரைத் தேடி வந்தன. சிக்கல் வந்தால் கொழுந்தனும் நோட்டும் கையுமாக ஒட்டிக்கொள்வார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்குத் தன் கண்ணெதிரே இருப்பது தெரியாது என்பது அண்ணியின் நிரந்தரக் கேலி.

கடைக்குப் பின்கட்டில் அண்ணி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் காதைக் கொடுத்தார்.

"பல் டாக்டர் வீட்டுத் தொட்டிம்மா," என்று தொடங்கினார் தொட்டிக்காரர். "ஒன்பது வருஷமா ஒரு கடல் சாமந்தி வளர்க்கிறார். பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனா உயிருள்ள பிராணி. நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாய் இறுக்கமா மூடியிருக்கா, பாறையைப் பிடிக்கிற அடிக்கால் கிழியாம இருக்கா, சாயம் ஏத்தின சரக்கா இல்லையான்னு எல்லாம் பார்த்து வாங்கினது. தொட்டித் தண்ணி ஒரு வருஷம் பக்குவப்பட்ட அப்புறம்தான் உள்ளேயே விட்டோம்."

"இப்ப அதுக்கு என்ன?"

"போன வாரம் டாக்டர் ஆறு நாள் வெளியூர் போனார். ரெண்டாம் நாள் நான் போய் வழக்கமான வேலையைப் பார்த்துட்டு வந்தேன். அவர் திரும்பி வந்து பார்த்தா, எந்நேரமும் சாமந்திக்குள்ளேயே கிடக்கிற ரெண்டு கோமாளி மீனும் அது பக்கமே போகலையாம். 'இது என் சாமந்தி இல்ல. நீ இதை வச்சுட்டுப் பழசை வித்துட்டே'ன்னு போன்லயே சொல்லிட்டார். நேர்ல போனா உள்ளே விடலை. மத்த வீடுகளுக்கும் சொல்லிட்டார். நான் போற பதினோரு வீட்ல அஞ்சு வீடு இனி வராதேன்னுடுச்சு."

"உங்களுக்கு என்ன ஆகணும்?"

"நான் திருடன் இல்லைன்னு அவர் வாயால சொல்லணும்மா. அது போதும்."

அண்ணி பட்டாணித் தட்டைத் தள்ளி வைத்தார். "மீன்னா சாமந்திக்குள்ள போய்த்தான் தீருமா?"

"பழகினது போகும். கடைக்காரங்க தொட்டியிலேயே பொரிச்சு வளர்த்த மீனுக்கு அது என்னன்னே தெரியாது. மாசக்கணக்காகும், சிலது கடைசி வரைக்கும் போகாது. ஆனா இதுங்க ஒன்பது வருஷமா அதுலயே படுத்துத் தூங்கினதுங்க."

"அப்படின்னா சாமந்தி மாறினது உறுதி!" என்று துள்ளினார் கொழுந்தன்.

"தம்பி, பாவம் அந்த மனுஷனே இங்க உட்கார்ந்திருக்கார்," என்றார் அண்ணி. கொழுந்தன் அசடு வழிந்தார்.

அன்று மாலையே மூவரும் கிளம்பினார்கள். தொட்டிக்காரர் தெருவின் எதிர்ப்புறம் நின்றுகொண்டார். டாக்டர் மற்ற இருவரையும் மரியாதையாகத்தான் வரவேற்றார், ஆனால் முகம் கடுகடுவென்றிருந்தது. கூடத்துச் சுவரை ஒட்டி இடுப்புயர மேசைமேல் தொட்டி இருந்தது. மேலே வலை மூடி பொருத்தியிருந்தது. பக்கத்துச் சுவரில் புத்தம்புது ஏசி ஒன்று.

"ஒன்பது வருஷம் பார்த்த வாய் மேடம். ஆயிரம் வாய் பார்த்த எனக்கு இது தெரியாதா?" என்று டாக்டர் ஒரு புகைப்படத்தை நீட்டினார். "பாருங்க, விரல் விரலா நீட்டிட்டிருக்கே, அதோட நுனியெல்லாம் குமிழ் குமிழா இருக்கு. இப்ப நீளமா, மெலிசா தொங்குது. வேற பிராணி இது!"

படத்தில் சாமந்தி நன்றாக விரிந்திருந்தது. அதன் மடியில் பெரிய மீன் ஒன்றும், அதில் பாதி அளவில் சின்னது ஒன்றும் படுத்திருந்தன. கொழுந்தன் படத்துக்கும் தொட்டிக்கும் மாறி மாறிப் பார்த்து விரல்களை எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் கணக்கை விட்டுவிட்டார். தொட்டியில் மீன்கள் இரண்டும் மேல் மூலையில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. சண்டை சரிசமமாக நடந்தது.

அண்ணி டார்ச் விளக்கை வாங்கிச் சாமந்தியின் அடியைப் பார்த்தார். அடிக்கால் பாறையின் குறுகலான பொந்துக்குள் ஆழமாகப் போயிருந்தது. பாறைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, இணைப்புகளின்மேல் ஊதா நிறப் படிவம் விரிசல் இல்லாமல் மூடியிருந்தது. பிறகு அண்ணி தொட்டிக்குப் பக்கத்து அலமாரியின் மேல் விரலை ஓட்டினார். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது.

"ஏசி எப்ப மாட்டினது?"

"நான் இல்லாதப்ப இவதான் ஏற்பாடு பண்ணியிருக்கா," என்று, தீனி டப்பாவோடு வந்த மனைவியைக் காட்டினார் டாக்டர்.

"இவர் போன மூணாம் நாள்," என்றார் அவர் மனைவி. மீன்களுக்குத் தீனி வைக்கும் நேரம் போலிருக்கிறது. மூடியை விலக்கி ஒரு சிட்டிகை தூவிவிட்டு, நின்று பார்க்காமல் சமையலறைப் பக்கம் நடந்தார்.

"தீனி எப்பவும் அவங்கதானா?"

"ஒன்பது வருஷமா அது அவ இலாகா. எனக்குச் சாமந்தி மட்டும்தான்."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க வீட்டம்மாவையும் கூப்பிடுங்க டாக்டர். இதை எல்லாரும் இருக்கும்போது பேசுறது நல்லது."

மனைவி வந்து கதவோரம் நின்றார்.

"முதல்ல, இது உங்க சாமந்திதான்," என்றார் அண்ணி. "அடிக்கால் பொந்துக்குள்ள எவ்வளவு ஆழமா பிடிச்சிருக்கு பாருங்க. பிடுங்கினா கிழியும், இல்லைன்னா பாறையை உடைக்கணும். பாறை உடையலை, மேல இருக்கிற படிவத்துல ஒரு கீறல் இல்லை. புதுசா விட்டது ஒரே வாரத்துல இப்படி வேர் பிடிச்ச மாதிரி உட்காருமா? குமிழ் வர்றதும் போறதும் இந்த வகைக்குச் சகஜம்னு தொட்டிக்காரர் வர்ற வழியில சொன்னார். அதை நீங்க அவர்கிட்டயே கேட்டிருக்கலாம்."

"அப்ப மீன் ஏன் போக மாட்டேங்குது?"

"தம்பி, படத்துல மீன் எப்படி இருக்கு?"

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு," என்ற கொழுந்தன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். வாய் பிளந்தது. "அண்ணி, இங்க ரெண்டும் ஒரே அளவுல இருக்கே!"

"இந்தச் சாதியில ஜோடி சேர்ந்தா பெருசுதான் பொம்பளை, அதிகாரமும் அதுக்குத்தான். ஒன்பது வருஷ ஜோடி இப்படிச் சமமா இருக்காது, யார் பெரியவன்னு இப்ப போய் அடிச்சுக்காது. மாறினது சாமந்தி இல்ல டாக்டர், மீன். இதுங்க கடையில பிறந்து வளர்ந்ததுங்க. சாமந்தியை இப்பதான் முதல் தடவையா பார்க்குதுங்க."

டாக்டர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"திருட வர்றவன் சாமந்தியை விட்டுட்டு சாதா மீனை எடுப்பானா? எடுத்தாலும் பதிலுக்கு வேற வாங்கி விடுவானா?" என்றார் அண்ணி. "செத்ததை மறைக்கிறவங்கதான் அப்படிச் செய்வாங்க. மூணாம் நாள் சுவரைத் துளை போட்டிருக்காங்க, தூள் இன்னும் கிடக்கு. அந்த அதிர்வுல மீன் துள்ளி வெளியே விழும். மூடி இருந்திருந்தா தப்பிச்சிருக்கும். ஒன்பது வருஷமா தீனி வச்ச கை, இன்னிக்குத் தூவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது. அவங்கதான் சொல்லணும்."

"மூடியில உப்புப் படிஞ்சிருந்தது. இவர் வர்றதுக்குள்ள கழுவி வைக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன்," என்றார் மனைவி. "மெஷின் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தா ரெண்டும் தரையில கிடந்தது. கடையில போய் வாங்கிட்டு வந்தேன். இவர் சாமந்தியைச் சொன்னதும், ரெண்டு நாள்ல அடங்கிடும்னு விட்டுட்டேன். ஒரு மனுஷனைத் திருடன்னு ஊர் பூரா சொல்வார்னு நினைக்கலை. சொன்னப்புறம் எனக்கு வாய் திறக்கத் தைரியம் வரலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"தினமும் இந்தத் தொட்டி முன்னாடிதானே உட்கார்றீங்க? அதுங்க என் விரல்ல வந்து தீனி வாங்கினதுங்க. மீன் மாறினது உங்களுக்குத் தெரியலை. நான் அழுது முகம் வீங்கி எதிர்ல நின்னேன், அதுவும் தெரியலை."

கொழுந்தன் நோட்டை மூடிவிட்டார். அதில் எழுத அவருக்கு மனம் வரவில்லை.

டாக்டரே தெருவைக் கடந்து போய்த் தொட்டிக்காரரை அழைத்து வந்தார். உள்ளே வந்தவர் பழக்கதோஷத்தில் நேரே தொட்டியிடம் போனார். ஒரே ஒரு பார்வைதான். "சாமந்தி நல்லாத்தானே இருக்கு. நம்ம பெருசு எங்கம்மா?" என்றார்.

டாக்டருடைய காதுகள் சிவந்துபோயின. "நீ திருடன் இல்லப்பா. தப்பு என் பேர்ல," என்று சொல்லிவிட்டு, அந்த ஐந்து வீடுகளுக்கும் தகவல் சொல்லப் போனை எடுத்தார்.

மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பாதித் தப்பு என்னுது. நான் பேசுறேன்."

முதல் வீட்டுக்குப் பேசினார். என்ன நடந்தது, யார் மறைத்தது, யார்மேல் பழி விழுந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். இரண்டாவது வீட்டிலும் அதையே சொன்னார். மூன்றாவதில் யாரோ துருவித் துருவிக் கேட்டார்கள் போலிருக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தொட்டிக்காரருக்குக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்மா, விடுங்க. விஷயம் தானா பரவிடும்."

"இன்னும் ரெண்டு வீடு இருக்கு," என்று அவர் அடுத்த எண்ணை அழுத்தினார்.