மெருகுப் பட்டறையின் நான்கு குழாய்கள்

"எங்க அண்ணன் ரத்தம் சரியில்லைன்னு நிரூபிக்கணும். திங்கட்கிழமைக்குள்ள."

வந்த பெண் படியேறிய மூச்சு அடங்குவதற்குள் சொல்லிவிட்டாள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பென்சில் சீவிக்கொண்டிருந்தவர் காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் விபத்துக் கோரிக்கைகளைத் துருவி, ஓய்வு பெற்ற பிறகு துப்பறிபவர் ஆனவர். பக்கத்தில் இருந்தது அவருடைய நாத்தனார். நாத்தனார் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே, வருகிறவர்களுக்கும் அவர் அண்ணியாகிவிட்டார்.

"சரியா இருக்குன்னு நிரூபிக்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க," என்றாள் நாத்தனார். "நீ என்னம்மா தலைகீழா வர்றே?"

"சும்மா இரு. உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு," என்றார் அண்ணி.

வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் என்பதால் தெருவே வந்தவளைப் 'பட்டதாரி' என்றுதான் கூப்பிட்டது. அண்ணன் மெருகுப் பட்டறையில் வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தான். பெரிலியம் கலந்த செம்புத் துண்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவன் வேலை. அந்தத் தூசி சிலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருடைய ரத்த அணுக்கள் மட்டும் அதை எதிரியாக நினைத்துக்கொள்ளும். அப்படி நினைத்துவிட்டால், தூசியிலேயே நிற்க நிற்க நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகும்.

"அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறதுதான் என் ஆராய்ச்சி. ரத்தத்துல பெரிலியம் உப்பைக் கலந்தா, எதிரியா நினைக்கிற அணு மளமளன்னு பெருகும். பட்டறையில நாலு பேருக்குப் பெருகுச்சு. அண்ணனும் ஒருத்தன். ரெண்டாவது தடவையும் பெருகினாத்தான் வேற வேலைக்கு மாத்துவாங்க. ரெண்டாவது தடவை நாலும் அசையவே இல்ல. திங்கட்கிழமை திரும்ப மெஷினுக்குப் போகணும். போனா..."

அண்ணி பென்சில் சீவுவதை நிறுத்தினார்.

"யார் மேல சந்தேகம்?"

அதற்காகவே காத்திருந்தவள் போல் கொட்டினாள். ஆய்வகத்தில் சாவி நான்கு பேரிடம். ஒன்று அவளிடம். இன்னொன்று கண்ணாடிக்காரரிடம், செம்பு உருக்கும் உலையில் வேலை பார்த்து, நோய் வராமல் தப்பினாலும் ரத்த அணுக்கள் பெரிலியத்தை எதிரியாக நினைக்கத் தொடங்கிவிட்டவர், இப்போது பட்டறைக்குப் போய் ரத்தம் எடுத்து வருகிறவர். மூன்றாவது பேராசிரியரிடம். நான்காவது மகாராணியிடம்.

"மகாராணியா?"

"நான் வெச்ச பேரு. அப்பா டாக்டர், தாத்தா டாக்டர். நான் மூணு தடவை திருத்தி எழுதுறதை அவ ஒரே மூச்சுல எழுதுவா. வெளிநாட்டு மாநாட்டுக்கு என்னைக் கூப்பிட்டாங்க, அவளைக் கூப்பிடல. அன்னிலேர்ந்து முகத்தைத் தூக்கி வெச்சிருக்கா. அவதான்!"

"அவளேதான் அண்ணி!" என்று நாத்தனார் குதித்தாள். "ராத்திரி ரத்தத்தை ஃப்ரிட்ஜில வெச்சுக் கொன்னிருப்பா!"

"செத்த அணு எதுக்கும் பெருகாது," என்றாள் பட்டதாரி. "உயிர் இருக்கான்னு பார்க்க ஒரு தூண்டு மருந்து போடுவோம். அதுக்கு நல்லாவே பெருகுச்சு."

"அப்ப பெரிலியம் பாட்டில்ல தண்ணி!"

"அதுவும் இல்ல. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்காரர் ரத்தத்தையும் கூடவே வைப்போம். அவருடையது கட்டாயம் பெருகணும். பெருகுச்சு. எதுவும் ஆகாத ரத்தம்னு மகாராணி தன் ரத்தத்தைக் கொடுப்பா. அது பெருகக் கூடாது. பெருகல."

நாத்தனாரின் வேகம் அத்தோடு இறங்கியது. அண்ணி பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். மருந்தே போடாதபோது அணு தானாகப் பெருகும் அளவைக் காட்டும், ஆளுக்கு ஆள் மாறும் வரிசையில் பென்சில் நின்றது. முதல் சோதனையில் நான்கு பேருக்கும் எண்கள் நான்கு விதம்: 480, 1900, 760, 1350. இரண்டாவதில் 1210, 1195, 1222, 1204. மகாராணிக்கு 640. கண்ணாடிக்காரருக்கு 2100. பக்கத்தின் அடியில் பேராசிரியர் மையால் போட்ட கையெழுத்து பாதி கரைந்து நீலமாகப் பரவியிருந்தது.

"இது யாரோ அழுதது," என்றாள் நாத்தனார்.

"அழலைங்க. ரெண்டாவது சோதனை அன்னிக்குக் காலையில அவர் கை கழுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். சட்டைக் கை சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது."

"எப்பவும் நனையுமா?"

"முழங்கைக்கு மேல மடிச்சுக்கிட்டுத்தான் கழுவுவார். மடிக்காம கழுவினா எங்களைக் கரிச்சுக் கொட்டுவார்." சொல்லிவிட்டு அவளே ஒரு நொடி யோசித்தாள். ஆனால் மகாராணியின் தூக்கி வைத்த முகம் வந்து அந்த யோசனையை மறைத்துவிட்டது.

"மிச்ச ரத்தம் எங்கே?"

"பேராசிரியர் கொட்டச் சொன்னார். கொட்டுறது மகாராணி வேலை. சொல்லணுமா?"

அண்ணி சிரிக்கவில்லை. "உன் விரலைக் காட்டு. ஒரு சொட்டு வேணும்."

மறுநாள் காலை ஆய்வகத்தில் எல்லோரும் நின்றார்கள். முக்காலியில் அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தபடி, "விஞ்ஞானத்துக்கு இன்ஷூரன்ஸ் அம்மா எதுக்கு?" என்றார்.

"விஞ்ஞானம் எனக்குத் தெரியாதுங்க. பொய் எண் தெரியும். நாலு பேரு ஒரே மாதிரி விழுந்து, ஒரே மாதிரி காலை உடைச்சுக்கிட்டதா எழுதி வந்தா, அது ஒரே ஆள் எழுதினதுன்னு முப்பது வருஷமா பார்த்திருக்கேன். இங்கேயும் நாலு பேர் எண்ணும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு. நாலு குழாயிலும் ஒரே ஆளோட ரத்தம்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எடுத்தப்ப நாலு பேர் கையிலேர்ந்துதான் எடுத்தேன்மா."

"உங்களை யாரும் சொல்லல. உங்க ரத்தமா இருந்தா நாலும் பெருகியிருக்கும். சாயங்காலம் நீங்க பெட்டியை வெச்சுட்டுப் போன பிறகு, யாரோ புதுக் குழாயில தன் ரத்தத்தை நிரப்பி, பழைய லேபிளை உரிச்சு ஒட்டியிருக்காங்க."

"மகாராணி!" என்று பட்டதாரியின் வாயிலிருந்து வந்தேவிட்டது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். தன் பட்டப்பெயர் இப்போதுதான் தெரிகிறது என்பது முகத்தில் தெரிந்தது. குளிர்பெட்டியைத் திறந்து நான்கு குழாய்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கொட்டச் சொன்னார். கொட்டல. இவ லேபிள் ஒட்டினா அளவுகோல் வெச்ச மாதிரி இருக்கும். அன்னிக்கு நாலும் கோணல். ஏதோ தப்புன்னு எடுத்து வெச்சேன். சொல்ல வந்தேன். என்னைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா. சரி போன்னு விட்டேன்."

பட்டதாரிக்குக் காது மடல் சுட்டது.

"இவங்க ரத்தமும் இல்ல," என்றார் அண்ணி. "அதே சோதனைத் தட்டுல இவங்க வரிசை தனியா, வேற எண்ணோட இருக்கு."

"அப்ப மிச்சம் இவதானே?" பேராசிரியர் பட்டதாரியை நோக்கி விரல் நீட்டினார். "முதல் சோதனையில பொய் சொல்லிட்டு, மாட்டிக்குவோம்னு இவளே மாத்தியிருக்கலாம்."

"அதான் நேத்தே இவங்க விரலைக் குத்தி ஆஸ்பத்திரியில ரத்த வகை பார்த்தேன். ஏ வகை. கண்ணாடிக்காரரே, குழாய்ல இருக்கிறது என்ன வகைன்னு பாருங்க."

கண்ணாடிக்காரர் நான்கு குழாயிலிருந்தும் சொட்டு எடுத்து வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வகை பார்க்கும் மருந்து கலந்தார். நான்கும் ஒரே மாதிரி திரிந்தன. "பி," என்றார். "நாலும் பி."

"நாலு சாவி. மூணு பேர் இல்லைன்னு ஆச்சு," என்றார் அண்ணி. "சார், முழங்கைக்கு மேல மடிச்சுக் கை கழுவுற நீங்க, அன்னிக்கு மட்டும் சட்டையோட நனைச்சுக்கிட்டீங்க. முழங்கை மடிப்புல ஊசி குத்தின இடத்தை யாரும் பார்க்கக் கூடாதுன்னு. உங்க கையெழுத்து கரைஞ்சு கிடக்கு. ஒரு சொட்டுக் கொடுங்களேன், பி இல்லைன்னா கால்ல விழுறேன்."

பேராசிரியர் விரலை நீட்டவில்லை.

"உலைப் பக்கம் நிக்கிறவனுக்குத்தான் ஆபத்து, மெருகு போடுறவனுக்கு இல்லைன்னு நான் எழுதினேன். அதை வெச்சுத்தான் எனக்கு இந்த அறை, இந்தப் பேர் எல்லாம். இருபது வருஷத்துல ஒரு மாநாடு என்னைக் கூப்பிடல. இவ... நாலு குழாயைத் தூக்கிட்டு வந்தா. கூப்பிட்டுட்டாங்க."

"அதுக்கு எங்க அண்ணன் மூச்சா கிடைச்சுது?" பட்டதாரியின் குரல் கிழிந்தது. "என்னைத் திட்டியிருக்கலாம். பட்டத்தை நிறுத்தியிருக்கலாம். அவன் தூசி தின்னுதான் நான் உங்க முன்னாடி நிக்கிறேன்!"

அவர் சட்டைக் கையின் பொத்தானை மட்டும் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் நாத்தனார் அண்ணியின் காதில், "நான் சொன்ன ஒண்ணுகூடச் சரியில்லையா?" என்றாள். "கையெழுத்துல ஈரம் பட்டிருக்குன்னு முதல்ல பார்த்தியே, அது சரி," என்றார் அண்ணி.

விஷயம் தெரிந்து அன்று மதியமே பேராசிரியருக்கு மேலே இருந்த துறைத் தலைவர் அண்ணனை மெஷினுக்கு அனுப்பக் கூடாது என்று பட்டறைக்கு எழுதினார். புதிதாக ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை பட்டதாரி ஒட்டிய முதல் லேபிளே கோணிக்கொண்டது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டது.

"மாநாட்டுக்கு உன்னைக் கூப்பிட்டது எனக்கு இன்னும் எரியுது," என்றாள் மகாராணி. "அதையும் சொல்லிடறேன்."

"உன் எழுத்தைப் பார்த்தா எனக்கும் எரியும்."

"தெரியும். ஒட்டு. கோணாம ஒட்டு."

ஏழாம் நாள் எண்கள் வந்தன. நான்கு விதமான எண்கள். நான்கும் பெருகியிருந்தன. அண்ணனுக்குத்தான் அதிகம்.

போனில் அண்ணன் எடுத்தவுடனே, "என்ன பட்டதாரி, ஜெயிச்சுட்டியா?" என்றான். அவன் பின்னால் மெருகு மெஷின் சத்தம் இல்லை. அது ஒன்றுதான் அவளுக்குத் தைரியம் தந்தது.

"ஆமாண்ணா," என்றாள். "இனி உனக்கு வேற வேலைதான்."