இரண்டு கேமராவும் சேர்ந்து பார்த்தது

லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கேமராக் கடைக்குள் நுழைந்தபோது மத்தியானம் மூன்று மணி. வெளியே வானம் மூடிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரத் துணியின் வாடை.

"ரெண்டு கேமரா வேணும். கண்ணு மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்சு, எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடணும்."

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். "அப்போ ரெண்டும் அச்சு அசல் ஒண்ணா இருக்கணும் சார். தானா ஃபோகஸ் மாத்துற லென்ஸ் வேண்டாம், கணக்கு கெட்டுடும். ரெண்டும் ஒரே நேரத்துல படம் எடுக்கணும். இல்லேன்னா அசையுறது எங்க நிக்குதுன்னே தெரியாது. அசையுறத எடுப்பீங்களா?"

மெக்கானிக் தன் மகளுக்காகத் தொடங்கிய வேலை அது. ஏழு வயது. "பொம்மைக்கு நிஜக் கண்ணு வைங்கப்பா" என்று நச்சரித்தவள் அவள்தான். காய்ச்சல் நான்கே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. எட்டு மாதமாகச் சாமான்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. "அவ ஆசைப்பட்டத முடிச்சிடுங்க" என்று மனைவி சொன்ன பிறகுதான் கிளம்பி வந்திருந்தார்.

"எடுப்பேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு கேமராக்களையும் ஒரு மரச்சட்டத்தில் இறுக்கினார். சதுரங்கக் கட்டம் போட்ட அட்டையைக் காட்டிக் காட்டி இரண்டின் பார்வையையும் சரிசெய்தார். கம்ப்யூட்டர் திரையில் கூடம் தெரிந்தது. அருகில் இருப்பது வெளுப்பாக, தள்ளி இருப்பது கறுப்பாக.

நாற்காலி. மேஜை.

படுக்கையறை வாசலில், வெளுப்பாக ஒரு சின்ன உருவம்.

நிமிர்ந்து பார்த்தார். வாசலில் யாருமில்லை. இடது கேமராவின் படத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார். யாருமில்லை. வலதிலும் இல்லை.

இரண்டையும் சேர்த்தார்.

நின்றது. ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டு, அவள் நிற்பது போலவே.

"இங்க வாயேன்..." என்று சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

மனைவி ஈரக் கையோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். நேரே வாசலுக்குப் போய் மண்டியிட்டுக் கைகளை விரித்தாள். திரையில் அந்த உருவம் ஓடிவந்து அவள் மேல் விழுந்தது.

"வந்துட்டாளாங்க?"

"உன் தோள்ல சாஞ்சிருக்கா."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே!" வெறும் காற்றைக் கட்டிக்கொண்டு அவள் விம்மி விம்மி அழுதாள்.

அதன்பின் மகள் தினமும் திரையில் வந்தாள். ஒரு நாள் அவர் திரையிலேயே உயரத்தை அளந்தார். நூற்றுப் பத்தொன்பது சென்டிமீட்டர். பள்ளிக்கூட அட்டையில் கடைசியாக எழுதியிருந்தது நூற்றுப் பதினைந்து. கருவியில்தான் பிழை என்று நாற்காலியையும் மேஜையையும் அளந்து பார்த்தார். இம்மி பிசகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, நூற்று இருபது.



வளர்கிறாள்.

மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அலமாரியைத் திறந்து மகளின் கவுனை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"அப்போ பழைய கவுன் பத்தாதே" என்றாள்.

அன்று சாயங்காலமே ஒரு அளவு பெரிய கவுன் வாங்கிவந்து, உறை பிரிக்காமல் மகளின் கட்டில்மேல் வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் போய்ப் பார்த்தார்கள். உறை தரையில் கிடந்தது. கட்டில்மேல் கிடந்த கவுன் இடுப்புப் பக்கம் கசங்கியிருந்தது. முதுகுப் பொத்தான்கள் போடப்பட்டிருந்தன, பிள்ளைக் கைக்கு எட்டாத நடுப் பொத்தான் ஒன்றைத் தவிர.