மைனாவுக்குக் கொஞ்சம் இடம்

பணிமனைக்குள் நான் நுழைந்தபோது மதியம் மூன்று மணி. இரண்டு பஸ் மாறி வந்ததில் முழங்கால்கள் கெஞ்சின. ஓடி ஓய்ந்த பஸ்களை நிறுத்திவைக்கும் கொட்டகை அது. தகரக் கூரைக்குக் கீழே பகலிலும் அரையிருட்டு, பழைய ஆயில் நாற்றம். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் தேடி வந்த பஸ் கடைசி வரிசையில் நின்றது. சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை. நெற்றியில் மட்டும் மஞ்சள் பெயின்ட்டில் பெயர் அப்படியே இருந்தது. மைனா.

"இதையா படம் எடுக்க வந்தீங்க? இதுல என்ன சார் இருக்கு?" என்றார் மெக்கானிக்.

"பேர் இருக்கே," என்றேன். எட்டு வருடமாக எல்லோருக்கும் நான் சொல்கிற பதில் இதுதான்.

மைனா என் அக்காவின் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். வாய் ஓயாமல் பேசுகிறாளே என்று நான் கூப்பிட்டது வீட்டில் நிலைத்துவிட்டது. எந்நேரமும் பென்சில் சீவுவாள். சீவலைக் குப்பையில் போடவும் விடமாட்டாள், கவுன் பையில் சேர்த்து வைப்பாள். கிட்டே வந்தாலே அந்த மரவாசனை அடிக்கும். ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் தங்கவில்லை. பஸ் நிலையம், ரயிலடி என்று தேடித் திரிவாள். அத்தான் அழைத்து வருவார், மறுநாள் மறுபடி கிளம்பிவிடுவாள். அந்தச் சமயத்தில்தான் 'மைனா' என்று பெயர் எழுதிய ஒரு லாரியை வழியில் பார்த்தேன். மனசு கேட்காமல் படம் எடுத்து வந்து காட்டினேன். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"லாரில போயிருக்காளா? சரி, பத்திரமாத்தான் இருக்கா," என்றாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். "அடுத்த மாசம் எங்க போறான்னு பார்த்துச் சொல்லுடா. பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு எடு. அவ நிக்கணும்ல?"

அப்படி ஆரம்பித்தது. மாதம் ஒரு படம். ஒரு படகு, ஒரு முடிதிருத்தகம், ஒரு தையல் மெஷின், விளக்கே இல்லாத ஒரு சந்து, ஒரு ஐஸ் வண்டி. ஒரு தங்கும் விடுதியில் என்னைத் திருடன் என்று நினைத்துத் துரத்தினார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் மைனா, எல்லாப் படத்திலும் இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவு காலி இடம். கால் முறிந்து நான் படுத்திருந்த ஒரு மாதம் மட்டும் படம் இல்லை. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஐந்தாம் நாள் ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் மயங்கிக் கிடந்தாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

அதனால்தான் அலைகிறேன். என் போட்டோ ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, ஐம்பத்துமூன்று வயதில்.

வழக்கம்போல இடது பக்கம் இடம் விட்டு பஸ்ஸை எடுத்தேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சார், உங்க பொண்ணைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அங்க ஆயில் கொட்டியிருக்கு, வழுக்கும்."

திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸின் பக்கத்தில் யாரும் இல்லை.

"எந்தப் பொண்ணு?"

"அதான் சார், உங்ககூட வந்துச்சே..." அவர் குரல் இறங்கியது. "இப்பதான நின்னுச்சு. உங்க தோள் உயரம் இருக்கும்."

மைனா என் இடுப்புக்குக்கூட வந்ததில்லை.

ஊர் திரும்ப பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் கணக்குப் போட்டேன். ஆறும் எட்டும் பதினாலு.

துண்டை எடுக்கக் கேமராப் பையைத் திறந்தேன். மரவாசனை முகத்தில் அடித்தது. லென்ஸுக்கு அடியில் சுருள் சுருளாகப் பென்சில் சீவல்.

அடுத்த மாதம் நான் எங்கும் போகவில்லை. பயம் என்று சொல்லலாம். உண்மையில் களைப்புதான் அதிகம். ஸ்டூடியோவில் வாடிக்கையாளர்களை உட்காரவைக்கும் மர நாற்காலி கண்ணில் பட்டது. பெயின்ட்டை எடுத்து அதன் முதுகில் நானே எழுதினேன். மைனா. காய்ந்ததும் வெற்றுச் சுவர் ஓரமாகப் போட்டு, இடது பக்கம் இடம் விட்டு எடுத்தேன். பத்து நிமிட வேலை. இத்தனை வருடம் இது தோன்றவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எங்கடா இது?"

"ஒரு பள்ளிக்கூடத்துல. ரொம்ப தூரம்."

"நீ இடம் விட்டது சும்மா கிடக்கு பாரு," என்றாள். "நாற்காலியிலேயே உக்காந்துட்டா. இத்தனை வருஷத்துல இப்பத்தான்டா உக்காந்திருக்கா. கால் வலிச்சிருக்கும், பாவம்."

எனக்குத் தெரிந்தது காலி நாற்காலிதான். ஆனால் அக்கா கற்பனையில் பேசுகிறாள் என்று இத்தனை நாள் நம்பிய மாதிரி அன்றைக்கு நம்ப முடியவில்லை.

ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து தின்னர் ஊற்றித் துடைத்தேன். பெயர் போய்விட்டது.

நாற்காலி காலியாகவில்லை.

மறுநாள் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துகொண்டார். "சில்லுனு இருக்குங்க, நின்னுக்கறேன்," என்றார். அடுத்து வந்த அம்மா நாற்காலியைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, அவங்க உக்காரட்டும்," என்று என்னிடம் சொன்னார். அதைத் தூக்கிப் பின் அறையில் போட்டுப் பூட்டினேன். தினமும் காலையில் அந்தக் கதவடியில் பென்சில் சீவல் கிடந்தது. தினமும் பெருக்கித் தள்ளினேன். உள்ளே சர்ரக், சர்ரக் என்று சீவுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

மாதம் முடிந்தது. இந்த முறை ஏமாற்றவில்லை. எட்டு மணி நேரம் பயணம் செய்து, 'மைனா' என்று பெயர் எழுதிய நிஜமான வேறொரு மரப் படகைப் படம் எடுத்து வந்தேன்.

அக்கா பார்த்தாள். படத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல அவ இல்லையே."

"நல்லாப் பாருக்கா."

"இல்லடா." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எங்கடா விட்டுட்டு வந்த?"

அக்கா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

அந்த நெடுஞ்சாலை ஓரம் என் கண் முன்னால் வந்தது. பயத்தைவிட வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஒரு குழந்தையை ஒரு மாதமாகப் பூட்டி வைத்திருக்கிறேன்.

"தனியாப் போகாதக்கா," என்றேன். "என்கிட்டதான் இருக்கா. வா."

ஸ்டூடியோவுக்கு அக்காவைக் கூட்டிப்போனேன். பின் அறைப் பூட்டைத் திறந்தேன். மாலை நான்கு மணி வெயில் ஜன்னல் வழியாக நாற்காலிமேல் விழுந்தது.

நான் துடைத்த இடத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. மைனா.

சுவரில் மைனா. கதவின் உட்புறம், என் தோள் உயரம்வரை, வரி வரியாக மைனா. முக்காலியில், விளக்குத் தண்டில், பழைய திரைச்சீலையில்.

அக்கா பயப்படவில்லை. நாற்காலியின் காலடியில் தரையில் உட்கார்ந்து, விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். யாரோ தலையைக் கோதிவிடுகிற மாதிரி அவள் நெற்றி முடி அசைந்தது. அறையில் காற்றே இல்லை.

"எழுதி எழுதி இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கா," என்றாள் மெல்ல. "இனிமே எங்கயும் அனுப்பாதடா. ஒரு படம் எடு, போதும்."

கேமராவைத் தூக்கினேன். பழக்கதோஷத்தில் இடது பக்கம் நகர்த்தி இடம் விட்டேன்.

"இடம் விடாத," அக்கா கிசுகிசுத்தாள். "அங்க இல்ல."

எடுத்தேன்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. அடுத்த படம் எப்போது என்றும் கேட்பதில்லை. அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அக்கா ஸ்டூடியோவுக்கு வருவாள், பின் அறையில் கொஞ்ச நேரம் இருப்பாள், போவாள். என் அலைச்சல் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்தக் கடைசிப் படத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டவில்லை. அதில் அக்கா சிரிக்கிறாள். நாற்காலியைப் பார்த்து இல்லை, கேமராவைப் பார்த்தும் இல்லை. படம் எடுத்த எனக்குப் பக்கத்தில், என் தோள் உயரத்தில், எதையோ பார்த்துச் சிரிக்கிறாள்.

அன்றிலிருந்து வரிசையிலோ பஸ்ஸிலோ எங்கே நின்றாலும் நான் கொஞ்சம் நகர்ந்துதான் நிற்கிறேன். இடது பக்கம் இடம் விட்டு.

இன்று காலை சட்டையை மாட்டும்போது பார்த்தேன். காலரின் உள்பக்கம், பென்சிலில், சின்ன எழுத்தில்: மைனா.

கசக்கித் துவைக்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே போட்டுக்கொண்டேன்.