வெட்டிய மறுபாதி

ஒரு தடவைதான் சொடுக்கினான் எட்மண்ட். திரையில் இருந்ததோ ஒரே ஒரு இரும்புத் தகடு. கீழே கம்ப்யூட்டர் எழுதிக் காட்டியது: ஐந்து பொருள்கள்.

"இதென்னடா பேஜாரு" என்று முணுமுணுத்தபடி மறுபடி தொட்டான். அப்போதும் ஐந்து.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேற்குத் தாம்பரத்தில், மெஷின் படம் வரைகிற அந்த மாடி ஆபீசில் அவனைத் தவிர ஒரு ஈ, காக்கை இல்லை. பூட்டிக் கிடந்த அறையில் பிரிண்ட் எடுக்கிற அம்மோனியா நெடி மூக்கை அரித்தது. ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கி, நின்றபிறகும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது. சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தான். வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வந்த வேலை அப்படி.

மூன்று மாதத்துக்கு முன்னால், பிரஸ் மெஷினுக்குள் கை போகாமல் காக்கிற தடுப்புத் தகட்டை இதே திரையில் வரைந்தவன் இவன்தான். உட்புறம் பார்க்க அதை இரண்டாக வெட்டினான். இரண்டு துண்டும் வேண்டுமா, எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ள என்று கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் கேட்டது. ஊரப்பாக்கம் ரயிலுக்குப் பறந்துகொண்டிருந்த இந்த மகராசன் ஏதோ ஒரு பக்கத்தைத் தொட்டுவிட்டுக் கிளம்பினான். மறுபாதி அழிந்துபோயிற்று. பாதித் தடுப்போடு படம் அனகாபுத்தூர் பட்டறைக்குப் போய், பாதித் தடுப்போடு மெஷின் ஓடி, அதில் வேலை பார்த்த புஷ்பத்தின் வலது கையில் நாலு விரலைக் கொண்டுபோயிற்று.

முதலாளி ஸ்ரீநிவாசன் கேட்டபோது, "முழுசாத்தான் சார் வரைஞ்சேன்" என்றான். வேலை வேகமாக ஓடணும்னு அந்தப் பொம்பளையே பாதியைக் கழற்றியிருப்பாள் என்று பட்டறையில் பேச்சு. இவன் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க முழங்காலிட்டபோது பக்கத்தில் புஷ்பம். இடது கையை மட்டும் நீட்டினாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "தம்பி, நான் கழட்டலன்னு உன் படத்தப் பாத்தா தெரியும்ல? நாளைக்கு விசாரணை. நீ சொன்னா கேப்பாங்கப்பா."

"பாக்குறேன்க்கா" என்றான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தின்று என்ன பிரயோஜனம்? நேராக இங்கே வந்து, இல்லாத பாதியை வரைந்து ஒட்டினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஒட்டியதிலிருந்துதான் இந்த ஐந்து.

சரி, தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம் என்று அதற்கான கட்டளையைத் தட்டினான். தகடு ஒரு பக்கம் விலகியது. அதற்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் நாலு துண்டுகள் வெளியே வந்தன. உருண்டையாக, நீளமாக. ஒரு முனை மழுங்கல். மறுமுனை சீவினாற்போல் தட்டை. ஒன்று மட்டும் குட்டை.

அழித்தான். திரும்ப வந்தன.

அழித்தான். வந்தன. இந்தத் தடவை கொஞ்சம் மடங்கி.

போன் அடித்தது. தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு.

"எட்மண்ட், நீ ஆபீஸ்ல இருக்கேன்னு வாட்ச்மேன் சொன்னான்." ஸ்ரீநிவாசனின் குரல். "நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும். மனசாட்சியத் தொட்டுச் சொல்லுப்பா. தடுப்பு முழுசா படத்துல இருந்துச்சா?"

ஒரே ஒரு வார்த்தை. இல்லை சார் என்றால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. கர்த்தரே, வந்தே விட்டது.

"இருந்துச்சு சார்."

"சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

ரயில் எதுவும் போகவில்லை. ஆனாலும் கண்ணாடி நடுங்கியது.

திரையில் துண்டுகள் இல்லை. தகடும் இல்லை. ஒரு கை இருந்தது. சாம்பல் நிறக் கை, எதையோ பிடித்தாற்போல் வளைந்து. மவுசின்மேல் இருந்த ஆள்காட்டி விரலை அவன் மெல்லத் தூக்கினான்.

அதுவும் தூக்கியது.

கையை இழுத்தான். வரவில்லை. மவுசோடு உறைந்து கிடந்தது. திரையில் அந்தக் கையின் குறுக்கே, விரல்கள் தொடங்கும் இடத்தில், மஞ்சள் கோடு ஒன்று விழுந்தது. குனிந்து பார்த்தான். தன் கையிலும் அதே கோடு. அதே மஞ்சள்.

கீழே கேள்வி. எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ள?

"சொல்லிடறேன்... புஷ்பம் அக்கா, சொல்லிடறேன்!"

அம்புக்குறி தானாக ஊர்ந்தது. மணிக்கட்டைத் தாண்டியது. கோட்டைத் தாண்டியது. விரல்கள் இருந்த பக்கம் போய் நின்றது.

டிக்.

நாற்காலி காலியாகச் சுழன்று நின்றது. மவுசின்மேல் நாலு விரல் இருந்தது.