முட்டைக்கண் உருண்டைகள்

என் அக்கா ரோவீனா தான் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் ஆளை முதன்முறையாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர்கள் வந்தது நவம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. மறுநாள் பெரிய ஆட்டம்.

ஒஹாயோவில் பெரிய ஆட்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமும் வடக்கே இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் பல்கலைக்கழகமும் மோதும் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள்.

என் அப்பா லோவெல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் அவருக்குக் கோபம் வராது. ஆனால் ஆட்டம் நடக்கும் வாரத்தில் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். நீலம் மிச்சிகன்காரர்களின் நிறம் என்பதால் வீட்டிலுள்ள நீலத் துண்டுகளையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். எங்கள் குடும்பப் பெயர் மேடக்ஸ். அந்த ‘எம்’ எழுத்து மிச்சிகனுக்கும் முதல் எழுத்தாம். அஞ்சல் பெட்டியில் அதன்மேல் சிவப்பு நாடா ஒட்டிவிடுவார். மிச்சிகன் என்ற பெயரை வாயாலும் சொல்லமாட்டார், "வடக்க இருக்கற அந்த இடம்" என்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஆர்லோ வந்து இறங்கினார். உயரமாக, ஒல்லியாக, கொஞ்சம் பெரிய காதுகளோடு இருந்தார். எங்கள் ஒஹாயோவிலேயே இருக்கும் டொலீடோ நகரத்தில் அக்கா வேலை பார்க்கும் அதே பள்ளியில் அவர் இசை ஆசிரியர்.

எனக்கு அவரைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. என் வெள்ளெலியின் பெயரைக் கேட்டார். அரை மணி நேரம் கழித்து, "பிஸ்கட் தூங்கிட்டானா?" என்று பெயர் சொல்லி விசாரித்தார். அப்பாவோ இரண்டு வருடமாக அதை "அந்த எலி" என்றுதான் சொல்கிறார்.

வந்த சிறிது நேரத்திலேயே அக்கா என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஹேட்டி, ஒரு ரகசியம். அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது."

"சொல்லு."

"ஆர்லோ டொலீடோல வேலை பாக்கறார். ஆனா பொறந்து வளந்தது அங்க இல்ல."

"பின்ன எங்க?"

அக்கா ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மிச்சிகன்" என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அந்தப் பல்கலைக்கழகத்துலயா படிச்சார்?"

"ம்."

"ஆட்டத்துக்கெல்லாம் போவாரா?"

"போவாரான்னா... ஆட்டத்துக்கு ஆட்டம் மைதானத்துல வாசிக்கற அவங்க வாத்தியக் குழுவுல டிராம்போன் ஊதினார். நாலு வருஷம்."

நான் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"கல்யாணத்துக்கு அப்பாகிட்ட சம்மதம் கேக்கத்தான் வந்திருக்கோம்" என்றாள் அக்கா. "நாளைக்கு நாம ஜெயிச்சா, உடனே உண்மையைச் சொல்லிடுவேன்."

"தோத்துட்டா?"

"கிறிஸ்துமஸுக்குச் சொல்வேன்."

"அதுக்குள்ள அப்பாவுக்குக் கோவம் ஆறலைன்னா?"

அக்காவின் கண் கலங்கியது. அவள் அழுதால் எனக்கும் அழுகை வந்துவிடும், அதனால் சட்டென்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று மதியம் வழக்கம்போல உருண்டை செய்ய உட்கார்ந்தோம். ஆட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் ஊரில் பக்கை உருண்டை செய்யாத வீடு கிடையாது. பக்கை என்பது எங்கள் மாநில மரம். அதன் கொட்டை பளபளவென்று பழுப்பாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வெளிர் நிறத்தில் வட்டமாக, மானின் கண் மாதிரி ஒரு திட்டு. அந்தக் கொட்டையைத் தின்ன முடியாது. அதனால் அதைப் போலவே ஒரு மிட்டாய் செய்து தின்கிறோம்.

செய்வது சுலபம். அடுப்பே வேண்டாம், சாக்லேட் உருக்க மட்டும்தான் வேண்டும். அம்மா வேர்க்கடலை வெண்ணெய், சாதா வெண்ணெய், பொடித்த சர்க்கரை, கொஞ்சம் வெனிலா எல்லாவற்றையும் போட்டுப் பிசைவார். நான் உருட்டித் தட்டில் அடுக்குவேன். அது குளிர்பெட்டியில் இறுகியதும் அப்பா பல்குச்சியில் குத்தி, உருகிய சாக்லேட்டில் முக்கி எடுப்பார். இருபது வருடமாக முக்குகிற வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை. அம்மாவைக்கூடக் கிட்டே விடமாட்டார்.

அன்றைக்கு என்ன தோன்றியதோ, பல்குச்சியை ஆர்லோவிடம் நீட்டினார்.

"தம்பி, முக்கறீங்களா? உங்க கை எப்படின்னு பாப்போம்."

"கண்டிப்பா சார்" என்றார் ஆர்லோ. எப்படி முக்குவது என்று அவரால் கேட்க முடியாது. ஒஹாயோக்காரர் யாராவது அதைக் கேட்பார்களா?

அப்பா கூடுதல் நாற்காலிகள் வாங்கிவர அக்காவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். பல்குச்சி போதாது என்று அம்மா கடைக்குக் கிளம்பினார். நான் இரண்டாவது தட்டை எடுத்துவர கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போனேன். பெரிய குளிர்பெட்டி அங்கேதான் இருக்கிறது. வழியில் பிஸ்கட்டிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

திரும்பி வந்தபோது மேசைமேல் இருபத்து நான்கு உருண்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் தலை முதல் அடி வரை ஒரே சாக்லேட்.

"ஒரு இடம்கூட விடாம மூடிட்டேன்" என்றார் ஆர்லோ பெருமையாக.

"ஆர்லோ, கண்ணு எங்க?"

"எந்தக் கண்ணு?"

"மேல வட்டமா விடணும். அதுதான் கண்ணு. இங்க மூணு வயசுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அப்பா பாத்தா ஒரு நொடில கண்டுபிடிச்சிடுவார்."

ஆர்லோவின் காதுகள் சிவந்தன. "சாப்பிட்டுத் தீத்துடலாமா?"

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆளுக்கு நான்கு தின்றோம். ஐந்தாவதைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் பதினாறு இருந்தன.

வெந்நீரில் நனைத்த கரண்டியால் ஒன்றின் தலையில் சாக்லேட்டை வழித்துப் பார்த்தேன். அது கண்ணாகவில்லை, சேறாகியது. வெளியே நாற்காலிகளை இழுத்துவரும் சத்தம் கேட்டது.

அம்மா பிசைந்த கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதைக் கிள்ளி, குட்டியாக உருட்டி, தட்டையாக்கி ஓர் உருண்டையின் தலையில் அழுத்தினேன். சாக்லேட் இன்னும் இறுகாததால் நன்றாக ஒட்டிக்கொண்டது.

"கண்ணு வந்துடுச்சு" என்றேன். "சீக்கிரம், நீங்க உருட்டுங்க, நான் ஒட்டறேன்."

கடைசிக் கண்ணை ஒட்டவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. அப்பா நாற்காலியோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். பதினாறு உருண்டைகளும் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தன.

"ஏன் இதெல்லாம் என்னைப் பாத்து முழிக்குது?"

"புதுசா ஒண்ணு செஞ்சு பாத்தோம்பா" என்றேன்.

அப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றையும் போட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று மூன்றாவதை எடுத்தவர், அதன் கண்ணை நகத்தால் நெம்பினார். அடியில் முழுக்கச் சாக்லேட். பேருந்தில் யார் காகித அம்பு விட்டது என்று கண்டுபிடிக்கும்போது பார்ப்பது போல ஆர்லோவை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, டொலீடோல இப்படித்தான் முக்குவாங்களா?"

ஆர்லோ எழுந்து நின்றார். "டொலீடோல எப்படி முக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது சார். நான் மிச்சிகன்காரன்."

பின்னாலேயே வந்த அக்கா கையிலிருந்த நாற்காலியைக் கீழே போட்டாள்.

"அந்தப் பல்கலைக்கழகமா?" அப்பாவின் குரல் மெதுவாக வந்தது.

"ஆமா சார்."

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவருக்குப் பொய் மட்டுமல்ல, பாதி உண்மையும் வராது போலிருக்கிறது.

"வாத்தியக் குழுவுல டிராம்போன் வாசிச்சேன் சார்" என்றார்.

அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா பல்குச்சிப் பெட்டியோடு உள்ளே நுழைந்தார். எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "தெரிஞ்சு போச்சா? எனக்குப் போன மாசமே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி மாட்டினார்.

"நாளைக்கு, என் வீட்ல, என் சோபால, வடக்க இருக்கற அந்த..." அப்பாவால் முடிக்க முடியவில்லை. "இது சரிப்படாது ரோவீனா. இவர் இன்னிக்கே கிளம்பட்டும். மத்ததையெல்லாம் அடுத்த வருஷம் பேசிக்கலாம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்லோ தன் கோட்டை எடுத்தார்.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றேன். "நாம ஜெயிக்கும்போது மிச்சிகன்காரங்க முகம் எப்படிப் போகும்னு பக்கத்துல இருந்து பாக்கணும்னு வருஷா வருஷம் சொல்வீங்கல்ல?"

"சொல்வேன். அதுக்கென்ன?"

"நாளைக்கு ஒருத்தர் நம்ம வீட்லயே இருப்பாரே. இவரை அனுப்பிட்டா அப்புறம் வேற ஆளுக்கு எங்க போவீங்க?"

அப்பா ஆர்லோவின் முகத்தைப் பார்த்தார். இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"தோத்துட்டா?" என்று கேட்டார்.

"தோத்தா டி.வி.யைத்தான் திட்டுவீங்க. டி.வி. பதிலே சொல்றதில்ல. இவரைத் திட்டினா ‘ஆமா சார்’னாவது சொல்வார்."

"கண்டிப்பா சொல்றேன் சார்" என்றார் ஆர்லோ.

அம்மா சட்டென்று குழாயைத் திறந்து கை கழுவப் போய்விட்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. அப்பா தாடையைச் சொறிந்துகொண்டே கூடத்துக்குப் போனார். பக்கத்து வீட்டு நாற்காலி ஒன்றைத் தூக்கி டி.வி.க்கு வலப்பக்கம் போட்டார். சோபாவில் தன் இடத்தில் உட்கார்ந்து டி.வி.யையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்துபோய் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

"தம்பி, இங்க வந்து உக்காருங்க. முகம் சரியாத் தெரியுதான்னு பாக்கணும்."

ஆர்லோ கோட்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து நசுக்கினாள்.

மறுநாள் ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். கொஞ்சநஞ்சமல்ல, பதினேழு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

கடைசி விசில் ஊதியது. அப்பா ஆர்லோவைத் திட்டவில்லை, டி.வி.யையும் திட்டவில்லை. ஆர்லோ தன் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, காலித் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஹேட்டி" என்றார் அப்பா. "அவன் ஒரு தடவையாவது சிரிச்சானா?"

"இல்லப்பா. நான் ஆட்டத்தையே பாக்கல, அவரைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"கை தட்டினானா?"

"கையைத் தொடைக்கு அடியில வச்சிருந்தார்."

அப்பா பெருமூச்சு விட்டார். "நாம ஜெயிச்சிருந்தா நான் கூரைமேல ஏறிக் கத்தியிருப்பேன்."

"தெரியும் லோவெல்" என்றார் அம்மா. "போன தடவை ஏறினப்போ ஏணியைப் பிடிச்சுட்டு நின்னது நான்தான்."

அப்பா கொஞ்ச நேரம் டி.வி.யில் மிச்சிகன்காரர்கள் துள்ளிக் குதிப்பதைப் பார்த்தார். பிறகு அதை அணைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ரோவீனா, கல்யாணத்தை எப்ப வேணும்னாலும் வச்சுக்குங்க. எனக்குச் சம்மதம். நவம்பர் மாசச் சனிக்கிழமை மட்டும் வேண்டாம்."

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். ஆர்லோ அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததால் இது எதுவும் அவர் காதில் விழவில்லை.

நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்.