அட்டைச் சுவர்

அட்டைப்பெட்டிச் சுவருக்குள்ளிருந்து யாரோ நகத்தால் கீறுவது போல ஒரு சத்தம் வந்தது.

டிவி பிரிவில் நின்ற விற்பனைப்பெண் கையிலிருந்த விலைச்சீட்டை ஒட்ட மறந்து நின்றாள். பாதி விலை விற்பனை. ஒலிபெருக்கியின் கூச்சல், குழந்தைகளின் அழுகை, புது பிளாஸ்டிக் வாடையும் வியர்வையும் கலந்த புழுக்கம், இத்தனைக்கும் அடியில் அந்தக் கீறல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் எது கொட்டினாலும், எது உடைந்தாலும் சுற்றிலும் சரக்குப் பெட்டிகளை அடுக்கி மறைத்துவிடுவார்கள். பெருக்குவதெல்லாம் கடை சாத்திய பிறகுதான். காலையில் ஷட்டர் ஏறியதும் கூட்டம் முண்டியடித்து உள்ளே பாய்ந்த கையோடு, "கண்ணாடி உடைஞ்சு கிடக்கு" என்று மேனேஜரே நின்று எழுப்பிய சுவர் இது.

ஷட்டரைத் தூக்கியவன் நெட்டையன், கடையின் லோடுமேன். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

அவள் மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், நெட்டை அண்ணன் உள்ள உயிரோட இருக்காரு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

மேனேஜர் உதட்டுச் சிரிப்பு கலையாமல் கிசுகிசுத்தார். "ஆம்புலன்ஸ் வந்தா கூட்டம் கலைஞ்சிடும். வருஷத்துல ஒரு நாள் வியாபாரம்மா. சாயங்காலம் பார்த்துக்கலாம். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

கண்ணாடித் துண்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே துடைப்பம்!

அவள் மேல் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். இன்னொன்று. இடுக்கில் ஒரு கண். ரத்தம் உறைந்த இமை. அது அவளைப் பார்த்து இமைத்தது.

"அண்ணே, இதோ எடுத்துடறேன்ணே..."

"ஏய், புது ஸ்டாக்கை இறக்குறாங்க!" என்று பின்னால் எவனோ கத்தினான்.

அவள் திரும்புவதற்குள் கூட்டம் வந்து விழுந்தது. முழங்கைகள். செருப்புகள். டிராலிச் சக்கரங்கள்.

"மிதிக்காதீங்க! கீழ மனுஷன் கிடக்காரு!"

"நாங்க மட்டும் என்ன மாடா? தள்ளும்மா!"

சுவர் பெட்டி பெட்டியாகக் கரைந்தது.

மிஞ்சியது ஒன்று. நெட்டையனின் மார்பின் மேல். அதன் கைப்பிடிக் கயிற்றில் அவன் விரல்கள் இறுகியிருந்தன. கண் திறந்தே இருந்தது. இமைக்கவில்லை.

ஒரு அம்மாள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் குந்தினாள்.

"விடுங்க சார். நான்தான் முதல்ல பார்த்தேன்."

அவன் விடவில்லை.

அந்த அம்மாள், பொறுமையாக, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.